இழை அந்துபோச்சுக்கா

ஆரணியில் தேவிப்ரியாவின் வேலை என்ன என்று ஒருத்தருக்கும் சரியாகச் சொல்ல வராது. "பி.டி. டீச்சர்" என்பார் ஒருத்தர். "மசாஜ் பண்ற பொண்ணு" என்பார் இன்னொருத்தர், அதுவும் ஒரு மாதிரி சிரித்துக்கொண்டு. அவள் அப்பா வீரபாகுவோ, யார் கேட்டாலும் "டாக்டர் மாதிரி, ஆனா டாக்டர் இல்ல" என்று சொல்லி இன்னும் குழப்பிவிடுவார். பாவம், அவரும் என்ன செய்வார்! பட்டுத் தறியிலேயே காலம் தள்ளிய மனிதர். மகள் சென்னைக்குப் போய் விளையாட்டுக் காயத்தைப் பற்றிப் படிக்கப்போகிறேன் என்றபோது, "அடிபட்டவனுக்கு ஆஸ்பத்திரி இருக்குது, நீ எதுக்கு?" என்றுதான் கேட்டார்.

எதுக்கு என்று படித்து முடித்த பிறகுதான் அவளுக்கே விளங்கியது. ஆஸ்பத்திரி வரைக்கும் போகாமல் காப்பாற்றத்தான் இந்த வேலை. சென்னையில் ஒரு கிரிக்கெட் அகாடமியில் ஐஸ் பெட்டி தூக்கினாள். ஓட்டக்காரப் பிள்ளைகளுக்குக் கணுக்காலில் டேப் சுற்றினாள். ஆபரேஷன் ஆனவர்களை மறுபடி நடக்கவும் ஓடவும் பழக்கினாள். பிறகு ஆரணிப் பக்கம் ஒரு தனியார் காலேஜில் பெண்கள் கபடி டீமுக்கு டிரெய்னர் வேண்டும் என்றார்கள், ஊருக்கே வந்துவிட்டாள். ஆட்டம் சொல்லித்தருவது கோச் பன்னீர்செல்வம், உடம்பைப் பார்த்துக்கொள்வது இவள். "இவ இன்னிக்கு ஆட வேணாம்" என்று தேவிப்ரியா சொல்லிவிட்டால் கோச்சே ஆனாலும் வாயை மூடிக்கொள்ள வேண்டும். சேரும்போதே கறாராகப் பேசி வாங்கிய அதிகாரம் அது. அதில் அவளுக்குப் பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

அந்த அதிகாரத்தைத்தான் களம்பூரில் கோட்டை விட்டாள்.

களம்பூரில் நடந்தது காலேஜ் கபடிப் போட்டியின் ஃபைனல். டீமுக்கே உயிர்நாடி மதிவதனி என்கிற பெண். எதிர் டீம் பக்கம் ரைடு போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டாள். பல்கலைக்கழக டீமில் இடம் கிடைத்துவிடும், அதைக் காட்டி ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் போலீஸ் வேலை வாங்கிவிடலாம் என்று அவள் அம்மா ஜெயம் தறியில் உட்கார்ந்தபடியே கனவு கண்டுகொண்டிருந்தாள். அன்றைக்கு ரைடு முடிந்து திரும்பும்போது மதி கால் திருகி விழுந்தாள். நொண்டிக்கொண்டே கோட்டுக்கு வெளியே வந்தவளிடம் தேவிப்ரியா ஓடினாள்.

"இன்னா ஆச்சு மதி?"

"முட்டிக்குள்ள இழ அந்துபோன மாதிரி இருக்குதுக்கா."

வினை இங்கேதான் வந்தது. வேறு ஊர்க்காரியாக இருந்தால், உள்ளே ஏதோ அறுந்துவிட்டது என்று கேட்டதுமே பதறியிருப்பாள். இவள் தறி வீட்டுப் பெண்ணாச்சே! தறி வீட்டில் இழை அறுவதெல்லாம் ஒரு சேதியா? காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் அறுந்துகொண்டுதான் இருக்கும். முடிச்சுப் போட்டுவிட்டு மேலே நெய்வார்கள். அந்த வார்த்தை அவள் காதில் அப்படித்தான் விழுந்தது. முட்டியில் வீக்கமும் இல்லை, பெண் நடக்கவும் நடந்தாள். படுக்கவைத்து முட்டியை முன்னால் இழுத்துப் பார்க்கிற சோதனை ஒன்று உண்டு, அதைச் செய்திருந்தால் தெரிந்திருக்கும். கோச் பின்னாலிருந்து "ஜல்தி, ஜல்தி" என்று கத்திக்கொண்டிருந்தார். டேப்பை இறுக்கிச் சுற்றி, முதுகில் ஒரு தட்டு தட்டி, "ஒண்ணும் இல்ல, போ" என்றாள்.

போனாள். அடுத்த ரைடில், யாரும் தொடாமலே முட்டி மடங்கி மதி அலறிய அலறலில் மைதானமே அடங்கிவிட்டது. தேவிப்ரியாதான் முதலில் ஓடித் தூக்கினாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், "முதல் அடியிலயே நார் அறுந்திருக்கும்மா. அதோட ஆடினதுல உள்ள இருக்கிற குருத்தெலும்பும் கிழிஞ்சுபோச்சு" என்றார். ஆபரேஷன்தான் என்று ஆயிற்று. அந்த வருஷத்து செலக்‌ஷன் போயே போச்சு.

இதுவே போதும், ஆனால் இதற்கு மேலும் நடந்தது. "வலிய மறைச்சுட்டு ஆடியிருக்கா சார். இப்படிப்பட்ட பொண்ண நம்பி எப்படி டீம்ல வெக்கிறது? கால் சரியானாலும் இவ வேணாம்" என்று பன்னீர்செல்வம் பிரின்சிபாலிடம் சொன்னபோது தேவிப்ரியா பக்கத்திலேயே நின்றாள். 'அவ சொன்னா சார்' என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? வாயில் என்ன கொழுக்கட்டையா இருந்தது? நின்றாள், அவ்வளவுதான். "நீங்கதான் ஓடிப்போய்த் தூக்கினீங்களாமே" என்று பிரின்சிபால் பாராட்டு வேறு. ச்சே!

அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. டேப்பைத் தொட்டாலே கை கூசியது. யாராவது பிள்ளை "கால் புடிச்சிகிச்சுக்கா" என்று லேசாகச் சொன்னால்கூட ஆட விடாமல் உட்காரவைத்துவிடுவாள். "அக்காவுக்கு இன்னா ஆச்சு, ஒரே பேஜாரா கீது" என்று பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். அவளுக்கா தெரியாது என்ன ஆச்சு என்று!

ஆபரேஷன் முடிந்து மதி வீட்டுக்கு வந்துவிட்டாள் என்று தெரிந்தும், இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டு, கடைசியில் ஒருநாள் காலையில் போய் நின்றாள். ஜெயம் தறியை விட்டு எழுந்து ஓடிவந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாம்மா, வா. நீ மட்டும் இல்லன்னா என் பொண்ண யாரு தூக்கியிருப்பா? இந்தக் கழுதைய பாரு, வலிய மறைச்சிகினு ஆடியிருக்குது. கோச்சு சொன்னாரு. உங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ ஆட வுட்டிருப்பியா?"

கட்டிலில் காலை நீட்டிக்கொண்டிருந்த மதி சுவரைப் பார்த்தாள். பெற்ற தாயிடம்கூட இந்தப் பெண் உண்மையைச் சொல்லவில்லை என்று தெரிந்ததும் தேவிப்ரியா நாற்காலியில் உட்காராமலே சொன்னாள்.

"அவ மறைக்கலீங்கம்மா. எங்கிட்ட வந்து சொன்னா. நான்தான் சரியா பாக்காம ஒண்ணும் இல்லன்னு அனுப்பிட்டேன். கோச் அவ மேல பழி போட்டப்பவும் வாய மூடிகினு நின்னேன்."

ஜெயத்தின் முகம் செத்துப்போயிற்று. "இத்தினி நாளா நான் இவள திட்டாத திட்டு இல்ல. நீ பாட்டுக்கு இருந்தியா?"

பழக்கத்தில் தேவிப்ரியாவின் கை தானாக மதியின் முட்டி வீக்கத்தைப் பார்க்கப் போனது. ஜெயம் அதைத் தட்டிவிட்டாள். "அவ கால தொடாத."

"ஏன் மதி, அம்மாகிட்ட சொல்லல?" என்றாள் தேவிப்ரியா.

"சொன்னா உன் வேல போயிடும்னு நெனச்சேன்." மதி இன்னும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். "அன்னிக்கே எனக்குத் தெரியும்க்கா, ஆட முடியாதுன்னு. ஃபைனல்ல நானா எப்டி வேணாம்னு சொல்றது? டீமே என்ன பாத்துகினு இருக்குது. நீ வேணாம்னு சொல்லுவ, அப்ப யாரும் என்ன ஒண்ணும் கேக்க மாட்டாங்கன்னுதான் உங்கிட்ட வந்து சொன்னேன்."

தேவிப்ரியா அங்கேயே நின்றபடி போனை எடுத்தாள். கோச்சைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள்.

"சார், மதி எங்கிட்ட சொல்லிட்டுதான் ஆடினா. தப்பு என்னுது."

"இத இப்ப எதுக்கும்மா கிளர்ற?" என்றார் பன்னீர்செல்வம்.

"பிரின்சிபாலுக்கும் நானே சொல்லிடறேன் சார்" என்று வைத்தாள்.

ஜெயம் போய்த் தறியில் உட்கார்ந்தாள். போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை.