வண்டி நிறுத்துமிடம் வரை

எங்கள் தெருவில் நாட்டைப் பற்றி யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் மேப்புவிடம்தான் போவார்கள். அவர் சுற்றுலாப் பேருந்து ஓட்டுநர். தலைமுடி கறுப்பாக இருந்த காலத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்தவர், அது நரைத்து, உதிர்ந்து, நெற்றி எங்கே முடிகிறது என்று தெரியாமல் போகும்வரை விடவில்லை. கோட்டை, அருவி, மலைமக்கள் கிராமம் என்று கம்பெனி எங்கெல்லாம் டிக்கெட் விற்றதோ அங்கெல்லாம் போய் வந்தவர். அதனால் விழுந்த பெயர்தான் மேப்பு. அதைக் கேலி என்று அவர் நினைக்கவில்லை. பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

"கோட்டை எப்படிண்ணே இருக்கும்?" என்று கேட்டால் கண்ணை மூடிப் பெருமூச்சு விடுவார்.

"அதை வாயால சொல்ல முடியாதுப்பா. நேர்ல பாக்கணும்."

இதைவிட உண்மையான பதிலை அவர் யாருக்கும் சொன்னதில்லை என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

அருவி என்றால், "சத்தம்! அடேயப்பா, என்ன சத்தம்!" மலைமக்கள் என்றால், "தங்கமானவங்க." விடாமல் நச்சரிப்பவர்களுக்கென்று ஒரு கிணறு வைத்திருந்தார். கோட்டைக்குள் இருக்கிறதாம். எதிரி கையில் சிக்கக்கூடாது என்று ராணி அதில்தான் குதித்தாளாம். இந்த இடத்தில் அவர் குரல் கம்மும். கேட்கிற நாங்களும் ராணிக்கு நேற்றுதான் காரியம் நடந்ததுபோலத் தலை குனிந்து நிற்போம். அவர் மகள் பள்ளியில் அந்தக் கிணற்றைப் பற்றிக் கட்டுரை எழுதிப் பரிசே வாங்கினாள். நடுவராக இருந்தவரும் கோட்டைப் பக்கம் போனதில்லை போலிருக்கிறது.

அவர் மனைவிக்கு வேலை சட்டைத் தொழிற்சாலையில். கை, பை, பட்டன் எல்லாம் மற்றவர்கள் பாடு. காலர் மட்டும் இவர் பாடு. காலர் அக்கா என்றால்தான் அங்கே தெரியும். அக்கா எந்த ஊருக்கும் போனதில்லை. பள்ளி விடுமுறையில் சுற்றுலா சூடுபிடிக்கும். அதே மாதங்களில் தொழிற்சாலைக்கும் ஆர்டர் குவியும். கணவர் அழுக்குத் துணிப் பையோடு வந்து இறங்குவார். அக்கா துணியை அலசிக்கொண்டே, "சொல்லுங்களேன், எப்படி இருந்துச்சு?" என்பார். "சொன்னா புரியாதும்மா" என்பார் அவர். அதையும் ஒரு பதில் என்று எடுத்துக்கொண்டு, மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் அக்கா தோழிகளிடம் கோட்டையை விவரிப்பார். ராணியின் கொலுசு கிணற்றோரம் கிடந்தது என்பது அக்காவின் சொந்தச் சேர்க்கை.

மேப்பு ஓய்வு பெற்றபோது டிப்போவில் ஒரு கூட்டம் போட்டார்கள். "இந்த நாட்டோட மண்ணையும் மக்களையும் மரபையும் இவர் அளவுக்குத் தெரிஞ்சவங்க யாரும் இல்லை" என்று மேலாளர் முழங்கினார். அப்படிப்பட்ட மனிதருக்கு என்ன கொடுப்பது? யோசித்து யோசித்து, எப்படியும் காலியாகப் போகவிருந்த இரண்டு இருக்கைகளைக் கொடுத்தார்கள். 'நாட்டை அறிவோம்' சுற்றுலா, தம்பதியாக.

எல்லோரும் கைதட்டினார்கள். மேப்புவின் முகத்தில் ஈயாடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முதுகு வலிக்கிறது என்றார். மழை வரும் என்றார். கடைசியில், "நான் பாக்காததா? நீ உன் கூட வேலை பாக்கறவங்க யாரையாவது கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

"நீங்க இல்லாம யாருங்க எனக்கு விளக்கிச் சொல்வா?" என்று அக்கா சொல்லிவிட்டுப் புது கான்வாஸ் ஷூ வாங்கக் கிளம்பிவிட்டார்.

பேருந்தில் மேப்பு பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. வளைவு வரும்போதெல்லாம் அவர் வலது கால், இல்லாத பிரேக்கை மிதித்தது. வழிகாட்டி ஒரு இளம்பெண். மைக்கைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொல்லிக்கொண்டே வந்தாள். அக்காவுக்கு அது பொறுக்கவில்லை. பக்கத்து சீட்டுக்காரர்களிடம் குனிந்து, "எங்க வீட்டுக்காரருக்கு இதெல்லாம் தண்ணி பட்ட பாடு. அவரையே கேளுங்க" என்றார். கோட்டையில் இறங்கும்போது கூட்டத்தில் பாதி மேப்புவின் பின்னால் திரண்டிருந்தது.

அவர் தயங்காமல் இடப்பக்கம் திரும்பினார். விறுவிறுவென்று நடந்தார். வழி கழிவறையில் போய் முடிந்தது.

"முதல்ல எல்லாரும் இங்க போயிட்டு வந்துடுங்க. உள்ள வசதி கிடையாது" என்றார். அனுபவஸ்தர் என்றால் இவர்தான் என்று கூட்டம் மெச்சியது. அடுத்து அவருக்குத் தெரிந்த இன்னொரு பாதையில் அழைத்துப் போனார். பழைய டயர்கள் குவிந்து கிடக்க, பூட்டிய தகரக் கொட்டகை ஒன்று நின்றது.

"இதுதான்... அந்தக் காலத்து ஆயுதக் கிடங்கு."

தொப்பி போட்ட ஒரு பயணி கதவிலிருந்த பலகையைச் சத்தமாகப் படித்தார். "அபாயம். மின்சாரம்." பிறகு ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ராஜா காலத்துலயே கரண்டு இருந்துச்சா சார்?"

கூட்டம் ஒருவர் பின் ஒருவராகக் கழன்று வழிகாட்டிப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்தது. அக்காவும் போனார். கோட்டையின் உள்முற்றத்தில் ஆசையாகக் கேட்டார், "ராணி குதிச்ச கிணறு எந்தப் பக்கம்மா?"

"கிணறா? இது முழுக்கப் பாறை மேல கட்டினதும்மா. மழைத் தண்ணியத் தொட்டியில பிடிச்சுதான் வாழ்ந்திருக்காங்க."

"அப்ப ராணி?"

"ராணி எங்கயும் குதிக்கல. பேரன் பேத்தி எல்லாம் எடுத்து, நல்லா ஆண்டு, காய்ச்சல்ல போய்ச் சேந்தாங்க."

அக்கா திரும்பிப் பார்த்தார். மேப்பு ஒரு தூணை, அதில் ஏதோ இன்ஜின் கோளாறு இருப்பதுபோல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்து கிளம்பிய பிறகுதான் அக்கா வாய் திறந்தார். "ஒரு தடவையாவது உள்ள போயிருக்கீங்களா?"

மேப்பு ஜன்னல் கண்ணாடியைத் துண்டால் துடைக்க ஆரம்பித்தார்.

"உங்களத்தான் கேக்கறேன்."

"கம்பெனி ரூல்மா. ஆளுங்க இறங்கினதும் டிரைவர் தூங்கிடணும். இல்லேன்னா திரும்பி வரும்போது கண் சொருகும்ல?"

"அப்ப அருவி?"

"சத்தம் கேக்கும்."

"மலைமக்கள்?"

"தூரத்துல தெரிவாங்க."

"கிணறு?"

"அது... எவனோ பின் சீட்டுல பேசிட்டு வந்தான். வேற ஏதாவது கோட்டையா இருக்கும்."

மன்னர்களைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், இத்தனை வரலாற்றுச் சின்னங்களில் இவ்வளவு நிம்மதியாகத் தூங்கியவர் இந்த நாட்டில் வேறு யாரும் இருந்திருக்க முடியாது. அக்காவுக்குப் பொய்கூடப் பெரிதாகப் படவில்லை. எங்களிடம் பிறகு அவர் சொன்னது இது: "இவர் மட்டும் எல்லாத்தையும் பாக்கறாரே, நமக்குக் குடுத்து வைக்கலையேன்னு எத்தனை வருஷம் வயிறெரிஞ்சிருப்பேன்! அத்தனையும் வீண். பாவி மனுஷன், வயித்தெரிச்சலுக்குக்கூடத் தகுதியில்லாம தூங்கியிருக்காரு."

மறுநாள் அருவி. இன்றைக்காவது இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று அக்கா தீர்மானமாக இருந்தார். ஆனால் பழகிய உடம்பு யார் பேச்சைக் கேட்கும்? டிரைவர் இன்ஜினை அணைத்ததுதான் தாமதம், மேப்புவின் தலை சாய்ந்துவிட்டது. அக்கா உலுக்கினார், கிள்ளினார். குறட்டையின் சுருதி மாறியதே தவிர ஆள் அசையவில்லை. தனியாகவே போனார். அருவிக்கு நேர் கீழே போய் நின்று ஆசை தீர நனைந்தார். ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பி வந்து, தலைமுடியைப் பிடித்துக் கணவரின் முகத்தில் ஒரு பிழி பிழிந்தார்.

திடுக்கிட்டு எழுந்தவரிடம், "அருவி. பாத்துக்குங்க" என்றார்.

கடைசியாக மலைமக்கள் கிராமம். வெளியுலகத் தொடர்பே இல்லாமல் வாழ்கிறவர்கள் என்று வழிகாட்டி மைக்கில் உருகிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், மணிமாலையும் தலையில் இறகுமாக நின்ற ஒருவர் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்ற இடம் தேடிக்கொண்டிருந்தார். குடிசைகளுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தது. புது ஷூ காலைக் கடிக்கவே அக்கா பாதியிலேயே திரும்பிவிட்டார். பேருந்தில் கணவரைக் காணோம்.

வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில் ஒரு டீக்கடை. அதன் பெஞ்சில் மேப்பு, தூக்கத்தின் சுவடே இல்லாத முகத்தோடு உட்கார்ந்திருந்தார். பஞ்சர் ஒட்டுகிறவரிடம் அவர் தம்பியின் ஆபரேஷனைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார். மேப்பு அக்காவைக் கைகாட்டியதும் டீக்கடைக்காரி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"அண்ணி! வாங்க, வாங்க. முட்டி வலி இப்ப எப்படி இருக்கு? உங்க பொண்ணு மாசமா இருக்குதாமே?"

அக்கா திகைத்து நின்றார். முட்டி வலி, மகள், துணி துவைக்கும்போது தான் பாடுவது வரை எல்லாம் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருந்தது. சூடாக ஒரு டீயை அக்காவின் கையில் திணித்துவிட்டு, அவள் மணி பார்த்தாள். கல்லாவுக்குக் கீழிருந்து ஒரு பையை எடுத்தாள். மணிமாலை, இறகு.

"என்னம்மா இது?"

"எனக்கு இப்ப ஷிப்ட்டு அண்ணி. உள்ள போய் ஆடணும். நாங்கதானே மலைமக்கள்! வீடெல்லாம் இந்தா பின்னால இருக்கு. உள்ள இருக்கறது சர்க்கார் கட்டினது."

பஞ்சர்காரரும் தலையாட்டினார். காலை ஷிப்ட்டில் அவர் வேட்டைக்காரராம்.

அந்த பெஞ்சில் உண்மையாகவே திகைத்தவர் மேப்புதான். எத்தனையோ வருஷமாக இவர்கள் கையால் டீ குடித்து, இவர்கள் வீட்டுக் கஷ்டங்களைக் கேட்டு, தன் வீட்டுக் கதைகளைச் சொல்லியிருக்கிறார். ஒரு நாளும் இது அவர் மண்டையில் ஏறவில்லை. மலைமக்கள் என்றால் தூரத்தில் ஆடுகிறவர்கள் என்றுதான் நினைத்திருந்தார்.

"நீங்களா? என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"நீங்க கேக்கவே இல்லையேண்ணே" என்றாள் அவள். இறகைச் செருகிக்கொண்டே அக்காவின் பக்கம் திரும்பினாள். "அண்ணி, ஒரு உதவி. என் தங்கச்சிக்கு உங்க கம்பெனியில ஒரு வேலை போட்டுக் குடுங்க. மேனேஜர் நீங்க மனசு வச்சா முடியாதா?"

அக்கா மெதுவாகக் கணவரைப் பார்த்தார். தெருவில் கோட்டையைப் பற்றி அளந்த அதே வாய் இங்கே அக்காவைப் பற்றியும் அளந்திருக்கிறது. மேப்பு வானத்தில் ஏதோ பறவையைத் தேடினார். பறவை எதுவும் இல்லை. கோபப்படுவதா, சிரிப்பதா என்று அக்காவுக்குப் புரியவில்லை. போகிற இடமெல்லாம் பெண்டாட்டியைப் பற்றியே பேசிக்கொண்டு திரிந்த மனிதரை என்னதான் செய்வது?

"வரச் சொல்லும்மா. பாத்துக்கலாம்" என்றார், மேனேஜர் குரலில்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாரும் மேப்புவிடம் ராணியைப் பற்றிக் கேட்பதில்லை. வெளியூர் கிளம்புகிறவர்கள் வழியில் கழிவறை எங்கே சுத்தமாக இருக்கும் என்று மட்டும் கேட்கிறார்கள். அதில் அவர் சொல்லி ஒன்றும் தப்பியதில்லை.

தங்கச்சி வந்துவிட்டாள். பெட்டியும் கையுமாகத் தொழிற்சாலை வாசலில் நின்று மேனேஜர் அம்மாவைக் கேட்டிருக்கிறாள். காவலாளி விழித்திருக்கிறார். விஷயம் தெரிந்து அக்கா, தலையெல்லாம் நூல் பிசிறோடு, கையில் பாதி தைத்த காலரோடு ஓடி வந்தார். பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்கதான் மேனேஜரா?"

"அது உங்க அண்ணன் குடுத்த பதவி. நீ உள்ள வா, ஆள் எடுக்கறவங்க கிட்ட நான் பேசறேன்."

பேசினார்; வேலை கிடைத்தது. மேப்புவின் மகள் கல்யாணமாகிப் போனதும் காலியான அறையில்தான் அந்தப் பெண் இப்போது தங்கியிருக்கிறாள். சட்டைப் பை தைக்கிறாள். அக்காவை இன்னும் மேனேஜர் அம்மா என்றுதான் கூப்பிடுகிறாள். அவளைப் பார்த்துத் தையல் பிரிவு முழுக்க அக்காவை மேனேஜர் என்றே கூப்பிடத் தொடங்கிவிட்டது. அக்காவும் கூப்பிட்ட குரலுக்கு ஏன் என்று கேட்கிறார். மாடியில் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்திருக்கும் நிஜ மேனேஜருக்குத்தான் அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.