உப்புப் போட்ட ஐஸ்

காலை ஆறே முக்காலுக்கு மூர் மார்க்கெட் நிலையத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயில் ஏறினேன். பதினைந்து ரூபாய்ச் சீட்டு, ஜன்னலோர இடம், எதிர்க்காற்று, எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் வயிறு எரிந்துகொண்டிருந்தது. கிளம்பும்போது மனசு லேசாக இருந்தது என்று எழுதுகிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.

கோபத்துக்குக் காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆய்வகத்தில் ரத்தம் சோதிப்பது என் வேலை. தடுப்பூசி போட்டால் உடம்பு அந்தக் கிருமியை அடையாளம் தெரிந்து வைத்துக்கொள்ளும். அதை எதிர்க்க ரத்தத்தில் எதிர்ப்பொருள் உண்டாகும். அது இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதுதான் பிழைப்பு. சில மாதங்களுக்கு முன் பழவேற்காடு ஏரியின் மேற்குக் கரையில் ஒரு மீனவர் குப்பத்தில் தொண்டை அடைப்பான் வந்தது. தடுப்பூசி இருக்கிற காலத்தில் வரவே கூடாத நோய். முதலில் படுத்தது வெண்ணிலா என்கிற பெண்ணின் ஐந்து வயது மகள். ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து பிழைத்தாள். அவளிடமிருந்து பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தொற்றியது. அவன் பிழைக்கவில்லை.

விசாரித்த அதிகாரி அறிக்கையில் எழுதிய காரணம் இரண்டே சொல்: பெற்றோர் ஒத்துழைக்கவில்லை. ஊசிகள் எல்லாம் போட்டேன் என்று வெண்ணிலா தலையில் அடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அட்டையையும் காட்டியிருக்கிறாள். அட்டையை யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றாராம் அந்த மனிதர். அதோடு குப்பத்தில் அவள் பொய்க்காரி ஆகிவிட்டாள். ஊசிக்குப் பயந்து பிள்ளையை ஒளித்துவைத்தவள், நோயை ஊருக்குள் கொண்டுவந்தவள்.

பிறகு எங்கள் குழு போய்க் குப்பத்துப் பிள்ளைகளின் ரத்தத்தை எடுத்து வந்தது. சோதித்தது நான். தட்டம்மைக்கு எதிர்ப்பொருள் எல்லோருக்கும் நன்றாக இருந்தது. தொண்டை அடைப்பானுக்கு அனேகமாக யாருக்குமே இல்லை. ஒன்றரை வயதில் இந்த இரண்டு ஊசியையும் ஒரே நாளில், ஒரே பெட்டியிலிருந்து எடுத்துப் போடுகிறார்கள். ஒன்று வேலை செய்து இன்னொன்று செய்யவில்லை என்றால் பிள்ளையை யாரும் ஒளித்துவைக்கவில்லை என்று அர்த்தம். தட்டம்மை மருந்து பொடியாக வருகிறது, உறைந்தாலும் ஒன்றும் ஆகாது. தொண்டை அடைப்பான் மருந்து திரவம். ஒரே ஒரு தடவை உறைந்துவிட்டால் போதும், மறுபடி உருகினாலும் அது செத்த மருந்து. எங்கேயோ அதை உறையவைத்திருக்கிறார்கள்.

இதை அந்தக் குப்பத்துக்குச் சொல்லுங்கள் என்று என் மேலதிகாரிகளிடம் கேட்டேன். முறைப்படி சுகாதாரத் துறைக்கு அனுப்பியிருக்கிறோம், அங்கிருந்து அனுமதி வரட்டும் என்றார்கள். மூன்று மாதம் ஆயிற்று. பெற்றவர்களுக்குத் தங்கள் பிள்ளையின் ரத்தத்தில் என்ன இருக்கிறது என்று சொல்ல எவருடைய அனுமதி? நான் லீவு போட்டுவிட்டுக் கிளம்பினேன்.

எண்ணூர் தாண்டியதும் பெட்டியில் பாதிப் பேர் பாதுகாப்பு பூட்ஸ் போட்ட தொழிலாளிகள். பக்கத்தில் இருந்தவர் இரும்பு உருக்கும் ஆலையில் ஷிப்டுக்குப் போகிறவர். கரண்ட் போனால் உலை என்ன ஆகும் என்று பேச்சுவாக்கில் கேட்டேன். "அது எப்டி மேடம் போவும்? தனி லைனு, தனி ஜெனரேட்டரு. ஃபர்னஸ் ஆறிப்போச்சுன்னா பேஜாராப் பூடும்" என்றார். பொன்னேரியில் இன்னொரு கூட்டம் ஏறி, கவரைப்பேட்டை வரை மூச்சு முட்டியது.

எட்டேகாலுக்குக் கும்மிடிப்பூண்டி. நிலையத்துக்கு வெளியே இரண்டு இட்லி, ஒரு வடை, நாற்பது ரூபாய். சாம்பார் பரவாயில்லை. பிறகு அந்தக் குப்பத்துக்கு மருந்து போகிற சுகாதார நிலையத்துக்கு ஆட்டோவில் போனேன். எது என்று சொல்லப்போவதில்லை. இப்போது அங்கே இருக்கிற நர்ஸ் புதிதாக வந்தவர், அவர் தலையில் விடிய வேண்டாம். ஐஸ் கட்டி உறையவைக்கிற பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றேன். மூலையைக் காட்டினார். அதன்மேல் குடிநீர் கேன், பழைய காலண்டர், யாரோ மறந்துவிட்டுப் போன குடை. தான் வேலைக்குச் சேரும்போதே அது ஓடவில்லை என்றார். கம்ப்ரஸர் போய் ஆறு கோடை ஆகிறது, எழுதிப் போட்டும் யாரும் வரவில்லை. இப்போது இன்னொரு நிலையத்திலிருந்து ஐஸ் கொண்டுவருகிறார். முன்பு இருந்தவர் எங்கே வாங்கினார் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வாசலில் நின்று பார்த்தால் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகள் வரிசையாகத் தெரிகின்றன. இரும்பைத் தண்ணீராக்க ராப்பகலாக மின்சாரம் இருக்கிற ஊரில், பிள்ளைகளின் மருந்தை வைக்க ஒரு பெட்டியைப் பழுதுபார்க்க ஆள் இல்லை. எனக்கு வாயில் வந்ததை இங்கே எழுதினால் அச்சடிக்க மாட்டார்கள்.

பேருந்து நிலையத்தருகே சுண்ணாம்புக்குளம் போகிற ஷேர் ஆட்டோவில் ஏறினேன். தலைக்கு முப்பது ரூபாய், பதினைந்து கிலோமீட்டர் இருக்கும். ஓட்டுநர் பெயர் முனுசாமி. மற்றவர்கள் சுண்ணாம்புக்குளத்தில் இறங்கியதும் குப்பம் வரை தனியாகப் போக நூற்றைம்பது கேட்டார், ஒத்துக்கொண்டேன். ஒரு பக்கம் நாற்று நட்ட வயல், போகப்போக உப்புத் தரை, பிறகு ஏரி. குப்பத்தின் பெயரையும் சொல்லமாட்டேன். அதற்கு ஏற்கெனவே போதுமான கெட்ட பெயர் வாங்கிக் கொடுத்தாயிற்று.

முனுசாமி பழைய நர்ஸை ஊசி நாட்களில் ஏற்றிக்கொண்டு போனவர் என்பது பேச்சில் வந்தது. அப்போது ஐஸுக்கு என்ன செய்தார்கள் என்று கேட்டேன். அவர் பெருமையாகவே சொன்னார்.

"பொட்டி ரிப்பேரு மேடம், நர்ஸம்மா இன்னா பண்ணுவாங்க? நம்ம குமாரு இருக்காரே, மீனுக்கு ஐஸ் லோடு எத்துக்கினு போறவரு, அவரு விடியங்காட்டியே வந்து சென்டர் வாசல்ல மருந்துப் பொட்டியை ரொப்பிக் குடுப்பாரு. சும்மா ஐஸு இல்ல, உப்புப் போட்ட ஐஸு. மத்தியானம் வரைக்கும் உருகாது. ஒத்தப் பைசா வாங்கினதில்ல மேடம்."

 ஐஸில் உப்புப் போட்டால் உருகும் தண்ணீர் சாதாரண ஐஸைவிடச் சில்லிட்டுப்போகும். மீனுக்கு நல்லது. மருந்துக்கு எமன். அந்த நர்ஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குளிர் குறையக் கூடாது என்று ஒன்பது தடவை சொல்லிக் கொடுப்பார்கள், குளிர் கூடவும் கூடாது என்று ஒரு தடவை சொல்லியிருப்பார்கள்.

எந்தக் குமார் என்று கேட்டேன்.

"அதான், வெண்ணிலா ஊட்டுக்காரரு" என்றார் முனுசாமி.

திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியதை மறைக்கமாட்டேன். அவளைக் காப்பாற்றுகிற செய்தியைக் கொண்டுவந்தேன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தவளின் மடியில் இப்போது இன்னொன்றும் கிடந்தது. முதலாவதைச் சொன்னால் ஏன் மருந்து செத்தது என்று கேட்பார்கள். கேட்டால் பொய் சொல்ல எனக்கு வராது.

பதினொன்றரைக்குக் குப்பம். வெண்ணிலா முப்பது வயதுக்குள் இருப்பாள். மகளைக் கூப்பிட்டுக் காட்டினாள். நன்றாகத்தான் இருந்தாள், நாலு எட்டு ஓடினால் மட்டும் மூச்சு வாங்குகிறது. அந்த நோய் இதயத்தையும் பிடிக்கும். குமார் வாசலில் ஐஸ் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை வாங்க என்று சொன்னார், மனைவியிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. இந்த வீட்டில் நெடுநாளாக அப்படித்தான் என்பது பார்த்தாலே தெரிந்தது.

ரத்தத்தில் என்ன பார்த்தோம் என்பதைச் சொன்னேன். நீ ஊசி போட்டது உண்மை, உன் மகளின் ரத்தமே அதற்குச் சாட்சி, மருந்துதான் கெட்டுப்போயிருந்தது என்றேன். அவள் அழவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன். பிறகு எழுந்து போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினாள். அந்த வீட்டுக்காரி சரசு, பையனைப் பறிகொடுத்தவள். அன்றிலிருந்து வெண்ணிலாவின் நிழல்கூடப் படாமல் நடந்தவள். அவள் வந்து வாசலோடு நின்றுகொண்டாள். அவள் வந்ததைப் பார்த்து இன்னும் ஏழெட்டுப் பேர் வந்தார்கள். மூன்றாம் முறையாக எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன்.

"அப்ப எம் புள்ளைக்குப் போட்டதும் செத்த மருந்துதானா?" என்று கேட்டாள் சரசு.

ஆமாம் என்றேன்.

குமார் கேட்டார், "எப்டி மேடம் செத்துச்சி? குளிரு பத்தலயா?"

"குளிர் அதிகமாகிவிட்டது. உறைந்துபோய்விட்டது."

அவர் கையில் இருந்த பெட்டியைப் பார்த்தார்.  "உப்புப் போட்டு ரொப்பினது நானு" என்றார். பிறகு, எல்லோரையும் பார்த்து இன்னொரு தடவை, "நான்தான் ரொப்பினேன். நல்லா இருக்கட்டும்னு ரொப்பினேன்."

 வெண்ணிலாதான் பேசினாள். அவள் சத்தம் போடவில்லை, மகளைப் பிடித்துக்கொண்டு நின்றபடி சொன்னாள்.

"நீ நல்லதுக்குத்தான போட்ட. நானும் நல்லதுக்குத்தான் ஊசி போட்டேன். என்னை மட்டும் இன்னாத்துக்கு அத்தினி பேச்சு பேசிக்கினு இருந்தீங்கோ?"

 எனக்கு வந்த ஆத்திரம் குமார்மேல் இல்லை. அரசாங்கத்துப் பெட்டி ஓடாததால் தன் ஐஸைத் தன் செலவில் கொடுத்த மனிதர் அவர். இனி ராத்திரி தூங்கமாட்டார். அந்தப் பெட்டியைப் பழுதுபார்க்காத மகானுபாவன் எங்கேயோ நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார். இதை அங்கேயே சொன்னேன், இவ்வளவு மரியாதையாக இல்லை. கெட்டுப்போன பெட்டியைப் பற்றியும், ஆறு கோடையாக வராத மெக்கானிக்கைப் பற்றியும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த சரசு வாசலில் உட்கார்ந்துவிட்டாள்.

மறுபடி எல்லாப் பிள்ளைகளுக்கும் போட வேண்டும் என்றபோது ஒருத்தரும் தலையாட்டவில்லை. மறுபடியும் செத்ததைக் கொண்டுவந்தால்? நியாயமான கேள்வி. அதனால் ஒன்று காட்டிக்கொடுத்தேன். மருந்துப் பெட்டிக்குள், தண்ணீர் அடைத்து உறையவைத்த தட்டையான ஐஸ் பொட்டலங்கள் வைத்திருப்பார்கள். அவற்றை வெளியே எடுத்துச் சற்று வியர்க்கவிட்ட பிறகுதான் மருந்தோடு வைக்க வேண்டும். காதோரம் வைத்து ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும். கல் மாதிரி இருந்து சத்தமே வராவிட்டால் மருந்தைத் தொடவிடாதீர்கள் என்றேன். ஒரு தண்ணீர் பாட்டிலைப் பாதி நிரப்பி ஆட்டிக் காட்டினேன். சரசு அதை என் கையிலிருந்து வாங்கித் தன் காதில் வைத்து ஆட்டினாள். பிறகு திருப்பித் தராமல் மடியில் வைத்துக்கொண்டாள்.

மூன்று மணிக்கு முனுசாமி வந்தார். திரும்பி வந்ததும் நூற்றைம்பதை வாங்க மறுத்தார். திணித்துவிட்டு இறங்கினேன். குப்பத்திலிருந்து கிளம்பியபோது குமார் என்னை வழியனுப்ப வரவில்லை. வெண்ணிலா சாலை வரை வந்தாள். உப்புக் கதை அறிக்கையில் வருமா என்று கேட்டாள். பெட்டி ஓடாத கதையோடு சேர்ந்துதான் வரும், தனியாக வராது என்று வாக்குக் கொடுத்தேன். என் கையெழுத்து போட்ட அறிக்கையில் அப்படித்தான் இருக்கிறது.

மாலை ரயிலில் வேலை முடிந்தவர்கள் நின்றுகொண்டே தூங்கினார்கள். சென்னையில் என் அடுக்குமாடியில் லிஃப்டுக்குத் தனி ஜெனரேட்டர் உண்டு. ஒரு நிமிஷம் அது நின்றால் குடியிருப்போர் வாட்ஸப் குழுவில் ஒரு பிரளயமே நடக்கும், மெக்கானிக் அரைமணியில் வந்து நிற்பார். ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை நடுவில்.

அடுத்த மாதம் மறுபடி ஊசி போட்டார்கள், பழைய நர்ஸ் போய்வந்த எல்லாக் குப்பங்களுக்கும் சேர்த்து. முடிந்த மறுநாள், முதல் அறிக்கையை எழுதிய அந்த அதிகாரி எனக்கு ஃபோன் செய்தார். குரலில் நல்ல சூடு. நான் போய் ஏதோ சொல்லிக் கெடுத்துவிட்டேனாம். பெற்றோர் ஒத்துழைக்கவில்லை என்றார், அதே இரண்டு சொல். பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறார்களாம், ஆனால் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு பொட்டலமாக ஆட்டிப் பார்க்காமல் நர்ஸை ஊசியை எடுக்க விடவில்லையாம். ஒரு மணி நேரம் வீணாம்.

"அதுவும் அந்த சரசுன்னு ஒரு பொம்பள மேடம். பெட்டி பக்கத்துலயே உக்காந்துகிட்டு, ஒவ்வொண்ணா காதுல வச்சு ஆட்டிப் பாக்குது. அதுக்கு என்ன வேலை அங்க? ஊசி போடற வயசுல அதுக்குப் புள்ளையே இல்ல."

"இருந்தான்" என்றேன்.