கார் கழுவிய ஞாயிறு

எனக்கு எட்டு வயதானபோது பெங்களூர் காக்ஸ் டவுன் சுவர்களில் என் முகத்தை ஒட்டியிருந்தார்கள். சினிமா நடிகைகளுக்கும் எலெக்‌ஷனில் நிற்பவர்களுக்கும் மட்டுமே கிடைக்கும் அந்த மரியாதை எனக்குக் கிடைத்ததற்குக் காரணம் என் சித்தியும், என் இதயத்தில் இருந்த ஓட்டையும்.

ஓட்டை பிறவியிலேயே இருந்தது. மற்றப் பிள்ளைகள் ஓடுகிற தூரத்தில் பாதி நடந்தாலே எனக்கு மூச்சு வாங்கும். ஜீவனஹள்ளியில் எங்கள் வீடு மேட்டில் இருந்ததால், வெளியே போய்த் திரும்பும்போதெல்லாம் யாராவது என்னைத் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். பெரும்பாலும் அப்பா. அவர் ஆடுகோடியில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தார். அம்மா கார்மெண்ட்ஸில் தைக்கப் போனாள். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடு தங்கி பி.காம். கடைசி வருஷம் படித்தாள்.

அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் இலவசம்தான். ஆனால் அதற்கு வேண்டிய சாமான்களையும் மருந்தையும் நாங்கள் வெளியில் வாங்கித் தர வேண்டும் என்றார்கள். அப்பா கேட்கக்கூடிய இடங்களிலெல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டு, ஒருநாள் கேட்பதை நிறுத்திவிட்டார். அதைக் கவனித்த சித்தி கல்லூரியில் தன் வகுப்புக்காரர்களிடம் போய்ச் சொன்னாள். அவர்கள் சும்மா இருக்கவில்லை. கேன்டீன் வாசலில் பஜ்ஜி போட்டு விற்றார்கள். பாட்டுக் கச்சேரி வைத்தார்கள். தகர டப்பாவைக் குலுக்கிக்கொண்டு கடைகடையாக ஏறி இறங்கினார்கள். அப்புறம் நோட்டீஸ் அடிக்கலாம் என்று முடிவானது.

போட்டோ எடுக்கச் சித்தியின் வகுப்பில் படித்த ஒரு அண்ணன் கேமராவோடு வீட்டுக்கு வந்தார். அம்மா என்னைக் குளிப்பாட்டி, பட்டுப்பாவாடை கட்டி, கனகாம்பரம் வைத்து, கழுத்துவரை பவுடர் அடித்து நிறுத்தியிருந்தாள். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன். அவர் ஒன்று எடுத்துக்கொண்டார். பிறகு சித்தியைத் தனியே அழைத்து இங்கிலீஷில் ஏதோ சொன்னார். சித்தி உள்ளே வந்து என் பழைய கவுனை எடுத்தாள். தலையிலிருந்த பூவைக் கழற்றினாள்.

"நல்லாத்தானடி இருக்கா, எதுக்கு மாத்துற?" என்றாள் அம்மா.

சித்தி என் கழுத்துப் பவுடரைத் துடைத்துவிட்டாள். என்னைத் தெருக்குழாய் ஓரம் நிறுத்தி, சிரிக்காமல் ஏதாவது வருத்தமான விஷயத்தை நினைத்துக்கொள் என்றார் அந்த அண்ணன். பக்கத்து வீட்டு நாயைக் கார்ப்பரேஷன் வண்டியில் பிடித்துக்கொண்டு போனதை நினைத்துக்கொண்டேன். மறுநாளே அது திரும்பி வந்துவிட்டது என்பதை அவரிடம் சொல்லவில்லை. போட்டோ பிரமாதமாக வந்தது.

நோட்டீஸ் ஒட்டிய மறுநாள் பள்ளிக்கூடத்தில் என் மவுசு ஏறிவிட்டது. அதுவரை பேசாத பெண்கள்கூடத் தின்பதில் பங்கு கொடுத்தார்கள். அன்று சாயந்திரம் அப்பா பஸ்ஸிலிருந்து இறங்கிய இடத்தில் ஒன்றைப் பார்த்திருக்கிறார். கிழியாமல் உரித்து, மடித்துக்கூட வைக்காமல், கையில் பிடித்தபடியே வீட்டுக்குள் வந்தார்.

"எம் பொண்ணு எப்பம்மா இப்டி மூஞ்சிய வெச்சிருந்தா?" என்று சித்தியைக் கேட்டார். குரலை உயர்த்தவில்லை.

சித்தி நோட்டீஸை அவர் கையிலிருந்து வாங்கினாள். "மொதல்ல சிரிக்கிற போட்டோவத்தான் மாமா எல்லார்ட்டயும் காமிச்சோம். நல்லாத்தான இருக்கான்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க."

சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரிடமும் இப்படிக் கையேந்தித் தன் பெண்ணைக் காப்பாற்ற வேண்டாம் என்றார் அப்பா. வேறு வழி இருந்தால் சொல்லுங்கள் என்றாள் சித்தி. அம்மா இரண்டு பக்கமும் பேசாமல், அழுக்குத் துணியை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். இவ்வளவு பேர் பார்க்கிற படத்துக்கு இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

இரண்டு மூன்று நாள் அப்பா சித்தியோடு பேசவில்லை. அப்புறம் காலையில் வேலைக்குக் கிளம்பும்போது, அடுத்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். ஞாயிற்றுக்கிழமை ஒரு சர்ச் வளாகத்தில் கார் கழுவப் போகிறோம், பூசை முடிந்து வருகிறவர்கள் இஷ்டப்பட்டதைப் போடுவார்கள் என்றாள் சித்தி. அப்பா தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பழைய பேண்ட்டை முழங்கால்வரை மடித்துவிட்டு, வீட்டு பக்கெட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு அவரும் கிளம்பினார். சித்தி வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தாள். "நீங்கல்லாம் கழுவலாம், நான் கழுவக் கூடாதா?" என்று கேட்டார் அப்பா.

என்னை மரத்தடியில் சித்திக்குப் பக்கத்தில் உட்காரவைத்தார்கள். டப்பாவைப் பார்த்துக்கொள்வது சித்தியின் வேலை. பட்டுப்பாவாடையும் பூவுமாக இருந்த என்னை, எதிர்ச்சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருந்தும், ஒருவரும் அடையாளம் கண்டுகொள்ளவில்லை. சித்தி தன் நண்பர்களிடம் என்ன சொல்லி வைத்திருந்தாளோ தெரியாது, எல்லோரும் அப்பாவை அங்கிள் என்று கூப்பிட்டார்கள். அவர் ஒவ்வொரு காராக நகர்ந்தபடியே இருந்தார். மாணவர்கள் நடுநடுவே தண்ணீர் அடித்து விளையாடினார்கள், ஜூஸ் குடித்தார்கள். அப்பா எதற்கும் நிமிரவில்லை. கார் கழுவுவது அவருக்கு அவ்வளவு பிடிக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

வெயில் ஏறியபோது ஒரு பெரியவர் தன் வெள்ளைக் காரை எடுக்க வந்தார். டப்பாவில் நோட்டுப் போட்டுவிட்டு அப்பாவிடம் போய், ஓய்வெடுக்க வேண்டிய வயதிலும் யாரோ ஒரு குழந்தைக்காக உழைக்கிறீர்களே என்று கன்னடத்தில் பாராட்டினார். அப்பாவுக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அந்தக் குழந்தையை உங்களுக்குத் தெரியுமா என்று பெரியவர் கேட்டார்.

அப்பா துணியைப் பிழிந்தார். "கொத்து சார். நம் ஏரியா ஹுடுகி," என்றார். தெரியும் சார், எங்கள் ஏரியாப் பெண்தான் என்று.

நான் எழுந்தேன். சித்தி என் கையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்கிறார் என்று பெரியவர் அடுத்துக் கேட்டார். வேலைக்குப் போகிறார் சார், அவரால் முடிந்ததைச் செய்துகொண்டுதான் இருக்கிறார் என்று சொல்லிவிட்டு அப்பா குனிந்து சக்கரத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சக்கரம் ஏற்கெனவே சுத்தமாக இருந்தது. சித்தி என் கையை விடவே இல்லை.

அந்த மழைக்காலத்திலேயே எனக்கு ஆபரேஷன் நடந்தது. சித்தியின் வகுப்பே வார்டுக்கு வந்து நர்ஸிடம் திட்டு வாங்கியது. இப்போது நான் மாடிப்படி ஏறுவேன், பஸ்ஸுக்கு ஓடுவேன்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஊரே பார்க்கிற பெண்ணைத் தன் பெண் என்று சொல்லிக்கொள்ள என் அப்பாவுக்கு மனசு வரவில்லை. மேடு தொடங்கும் இடத்தில் அவர் வழக்கம்போலக் குனிந்து என்னைத் தூக்கினார். சட்டை முழுக்க நனைந்து சோப்பு வாசனை அடித்தது. நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொள்ளாமல் இரண்டு கைகளையும் என் மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"புடிச்சுக்கம்மா, விழுந்துடப் போற," என்றார்.

நான் பிடித்துக்கொள்ளவில்லை. அவர் என்னை இன்னும் கொஞ்சம் இறுக்கி அணைத்துக்கொண்டு மேடேறினார்.