ஜெயபாயின் கீழுதடு

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் வேலை பார்த்த ஜெயபாய்க்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழில் கீழுதட்டில் அரிசி அளவு வெள்ளை விழுந்தது. பல்பொடி ஒட்டியிருக்கும் என்று துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். வருஷம் திரும்புவதற்குள் உதடு முழுக்க வெளுத்துவிட்டது. ஊர் சும்மா இருக்குமா? வெண்குஷ்டம் என்று பெயர் வைத்தது. புருஷன் வைகுண்டராஜ் நல்ல மனுஷன்தான், வாய் திறந்து ஒரு சொல் சொன்னதில்லை; தன் தம்ளரை மட்டும் தனியாக எடுத்து வைத்துக்கொண்டான்.

ஆனால் அவளைக் கூனிக் குறுக வைத்தது சர்ச்தான். மாதம் ஒரு ஞாயிறு திருவிருந்து. எல்லோரும் வரிசையாக முழங்காலிட, போதகரான ஐயர் ஒரே திராட்சரசப் பாத்திரத்தை ஒவ்வொருவருக்கும் குடிக்கக் கொடுத்து, விளிம்பைத் துடைத்துவிட்டு அடுத்தவரிடம் போவார். ஒரு ஞாயிறு ஜெயபாய்க்கு அடுத்திருந்த பரிபூரணம் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டிவிட்டாள். அதற்குப் பிறகு ஜெயபாய் தானாகவே கடைசி ஆளாகப் போகத் தொடங்கினாள். அப்படிப் போகும்படி யாரும் சொல்லவில்லை. வேண்டாம் என்று தடுக்கவும் ஒருவரும் இல்லை.

மாத்திரை விழுங்கி வெயிலில் நின்று பார்த்தாள். முகம் கறுத்ததுதான் மிச்சம். தொண்ணூற்றிரண்டில் மதுரைக்குப் போனாள். இது குஷ்டமே இல்லை, யாருக்கும் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிடலாம் என்று தோல் டாக்டர் அடித்துச் சொன்னார். உதட்டுக்கு மருந்து எடுபடுவது கஷ்டம், ஆபரேஷன் செய்யலாம் என்றார். பச்சை குத்துவதுபோல் நிறம் ஏற்றலாம், நாளாக நாளாக மங்கும். கொப்புளம் எழுப்பி அதன் மேல்தோலை எடுத்து ஒட்டலாம். இல்லையென்றால் தொடையிலிருந்து கடுகு கடுகாகத் தோல் எடுத்து உதட்டில் நடலாம். எதற்கும் வெள்ளை ஒரு வருஷமாவது பரவாமல் நின்றிருக்க வேண்டும். ஜெயபாய்க்கு நின்றிருந்தது.

நட்டார்கள். சில நாள் பேச்சில்லை. கஞ்சியை உறிஞ்சித்தான் குடித்தாள். மாதங்கள் போகப் போக நட்ட இடங்களிலிருந்து நிறம் பரவி ஒன்றுசேர்ந்தது. கொஞ்சம் மேடுபள்ளம் இருந்தது, இருந்துவிட்டுப் போகட்டும். அவள் மறுபடி வரிசையின் நடுவில் முழங்காலிட்டாள், அவளுக்கு அடுத்துப் பரிபூரணமும் குடித்தாள்.

இரண்டு வருஷம் கழித்து ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து கிருபாபாய் என்ற சின்ன வயசுக்காரி குடிவந்தாள். முதல் திருவிருந்தன்று அவள் இடம் தேடி வந்து வரிசையில் ஜெயபாய்க்கு முந்தின இடத்தில் முழங்காலிட்டாள். உதட்டோரம் வெள்ளை. பாத்திரம் அந்த உதட்டில் பட்டதை ஜெயபாய் பார்த்தாள். அடுத்து அவள் முறை. ஒட்டாது என்று டாக்டர் வாயாலேயே கேட்டவள்தான். இருந்தும் முந்தானையால் வாயைப் பொத்தி, இருமல் வந்ததுபோல் இருமிக்கொண்டே எழுந்து வெளியே போய்விட்டாள்.

ஆராதனை முடிந்ததும் கிருபாபாய் அவளைத் தேடி வந்தாள். இருமல் தேவலையா என்று விசாரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஒங்களுக்கும் இப்படி இருந்து ஆபரேஷன்ல சரியாப் போச்சுன்னு ஐயரம்மா சொன்னாவக்கா. மத்தவிய பக்கத்துல போயி நிக்க வெக்கமா இருந்துச்சு. நீங்கன்னா ஒண்ணும் நெனைக்க மாட்டியன்னுதான் ஒங்க பக்கத்துல வந்தேன்."

ஜெயபாயை வெட்கம் பிடுங்கித் தின்றது. மதுரை ஆஸ்பத்திரிக்கு எந்த பஸ் என்பதிலிருந்து கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். இருமல் பொய் என்பதை மட்டும் சொல்லவில்லை.