பின்கட்டில் ஒரு சூலம்

என் தங்கை மகன் மலிவாக வீடு தேடுகிறான். போன வாரம் ஈப்போவில் என் வீட்டுக்கு வந்தவன், பேராக் மாநிலம் முழுவதும் ஏலத்துக்கு வந்திருக்கும் வீடுகளைக் கைப்பேசியில் காட்டினான். வரைபடத்தில் வீட்டுக்கு ஒரு சிவப்புப் புள்ளி. கமுந்திங் பக்கம் அம்மை போட்ட முகம் மாதிரி இருந்தது. ஈப்போவின் மலையடிவார பங்களாக்களில் மருந்துக்கு இரண்டு. பீடோரைப் பெரிதாக்கி, "இதப் பாருங்க மாமா, ரொம்ப மலிவு லா" என்றான். அந்தக் குடியிருப்பின் பெயரைப் படித்ததும் எனக்கு மரவள்ளி மாவுப் பசையின் புளித்த வாசனை வந்துவிட்டது.

காரணம் இருக்கிறது. எண்பதுகளில் நான் நில அலுவலகத்தில் குமாஸ்தா. வங்கிக் கடன் கட்டாத வீடுகளின் கதவில் ஏல அறிவிப்பை ஒட்டுவதும், வீட்டைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவதும் என் வேலை. அரசாங்கப் பசை ஆண்டின் பாதியிலேயே தீர்ந்துவிடும். அதன்பிறகு என் மனைவி காய்ச்சித் தரும் மாவுதான். "நீயும் நானும் சேர்ந்துதான் ஊரார் வீட்டை ஏலம் விடுகிறோம்" என்று சீண்டுவேன். அவள் ஒரு தடவைகூடச் சிரித்ததில்லை.

சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று பரீட்சையில் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கியவன் நான். ஒட்டப் போன பிறகுதான் அது ஊருக்கு ஊர் மாறுவது தெரிந்தது. மலையடிவார பங்களாவில் நாய் குரைக்கும், காப்பி வரும், பிறகு வழக்கறிஞர் வருவார். பெயரில் ஓர் எழுத்துப் பிசகியது என்று ஆறு மாதத் தவணை வாங்கிவிடுவார். பீடோரின் மலிவு வீடுகளில் காப்பி மட்டும்தான் வரும். தோட்டத் தொழிலாளர்களின் லயவீடுகளுக்கோ நான் போனதே கிடையாது. அங்கே யாருக்கும் பட்டா இல்லை. பட்டா இல்லாத வீட்டுக்கு அறிவிப்பு எதற்கு? எழுபதுகளில் தோட்டங்கள் கைமாறியபோது, காலைப் பெரட்டில் ஆட்களைப் பேர் கூப்பிட்டு முடித்ததும் தொரை ஒரு கடிதத்தை வாசிப்பார். மாதக் கடைசியில் லாரி வரும். ஆயிரம் பேரைக் கிளப்பினாலும் மருமகனின் வரைபடத்தில் ஒரு புள்ளி விழாது. வீட்டை இழந்ததாகக் கணக்கில் ஏறுவதற்கும் முதலில் ஒரு பட்டா வேண்டும்.

பாக்கியம் அப்படி லாரியில் வந்தவள். பீடோருக்கு வெளியே ரப்பர் வெட்டியவள். அவள் கணவர் மாரிமுத்துவுக்கு ஈயம் தோண்டும் கப்பலில் வேலை கிடைத்ததும், கடன் வாங்கி இந்தக் குடியிருப்பில் ஒரு மூலை வீடு வாங்கினார்கள். ஈயத்தின் விலை விழுந்தது. கப்பல் நின்றது. நான் பசை வாளியோடு போய் நின்றேன்.

கதவில் ஒட்டி முடித்து, வீட்டைச் சுற்றிப் பார்க்கப் பின்கட்டுக்குப் போனேன். பாக்கியம் அவசர அவசரமாகத் துத்தநாகத் தகரம் ஒன்றைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தாள். அது சாயாமல் சரிந்தது. பின்னால் ஆளுயரச் சூலம், மஞ்சள் துணி சுற்றிய கல், காலையில் வைத்த எலுமிச்சம்பழம்.

"கிராணி ஐயா, இத எழுதிராதீங்க" என்றாள். அவளுக்கு எழுதுகோல் பிடித்தவன் எல்லாம் தோட்டத்துக் கிராணிதான். "தோட்டத்து முனியாண்டி. அங்க விட்டுட்டு வர மனசு இல்ல. எடுக்கச் சொன்னா எடுத்துர்றேன்."

தோட்டத்தில் தொரையைக் கேட்காமல் லயத்துக்குப் பின்னால் ஒரு கோழிக்கூடு வைத்தாலும் குற்றம். அந்தப் பயம் அவளோடு லாரியில் ஏறி வந்திருந்தது. வீடே போகப்போகிறது, அவள் சூலத்துக்காகக் கெஞ்சினாள்.

என் படிவத்தில் ஐந்தாவது கட்டம், இதர விவரம். எந்த வீட்டுக்கும் 'இல்லை' என்று எழுதுவதே வழக்கம்.

"தகரத்த எடுங்கக்கா" என்றேன்.

"தூக்கிருவாங்களா?"

"எழுதினா தூக்க மாட்டாங்க. எழுதாட்டிதான் தூக்குவாங்க."

அவளுக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. விளக்கினால் அது அரசு ஊழியர் ஒழுங்குவிதியில் எந்தப் பிரிவில் வரும் என்பது எனக்கு மனப்பாடம். ஐந்தாவது கட்டத்தில் எழுதினேன்: 'பின்கட்டில் முனியாண்டி வழிபாட்டிடம் உள்ளது. சூலம் ஊன்றப்பட்டுள்ளது. அன்றாட வழிபாடு நடக்கிறது.' ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிற நான் முனியாண்டிக்கு அரசு முத்திரை குத்திக் கொடுத்தேன்.

ஏலத்தன்று ஈப்போவிலிருந்து ஒரு சீன முதலாளி, தவுக்கே, வந்திருந்தார். வரிசையாக வீடு வாங்குகிறவர்; தோட்டக்காரர்களோடு பழகியதில் தமிழும் பேசுவார். என் அறிக்கையை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்தார்.

"இந்த முனியாண்டி, போகச் சொன்னா போகுமா?"

"அவருக்கு எந்தப் படிவத்துல நோட்டீஸ் குடுக்கிறதுன்னு எனக்குத் தெரியாது தவுக்கே. வீடு வாங்கினா முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் அவருக்கு."

"சுவே லா!" என்று தரித்திரத்தை உதறுவது போலக் கையை உதறிவிட்டு நாற்காலிக்குப் போனார். அவர் கை தூக்காததைப் பார்த்து மற்றவர்களும் தூக்கவில்லை. வங்கிக்காரர் என்னிடம், "மச்சான், ரிப்போர்ட் கேட்டா புராணம் எழுதியிருக்கீங்க" என்று பல்லைக் கடித்தார். இரண்டாவது ஏலத்திலும் அதே கதை. இதற்குள் மாரிமுத்துவுக்குக் கமுந்திங்கில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. விற்க முடியாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று வங்கி தவணையை மாற்றிக் கொடுத்தது. அறிவிப்பைக் கிழிக்க நானே போனேன். மனைவியின் பசை லேசில் விடவில்லை. பாக்கியம் ஒரு எலுமிச்சம்பழம் கொடுத்தாள். மாதா படத்தின் முன்னால் வைத்தேன், அவர்களுக்குள் பேசிக்கொள்ளட்டும்.

இதெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் மருமகன் படத்தைத் திறந்திருந்தான். மூலை வீடு. அதே கதவு எண். கேட்டில் பூட்டு, முற்றத்தில் இடுப்பளவு லாலான் புல். பாக்கியமும் மாரிமுத்துவும் போய்ச் சேர்ந்து பல வருடமாகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில் என்று கேள்வி.

"பின்னால போய்ப் பாத்தாங்களாடா?"

"யாரு மாமா போவா? இருக்கிறபடி வாங்கிக்க வேண்டியதுதான்."

விரலால் மேலும் கீழும் தள்ளித் தேடினேன். பரப்பளவு, ஆரம்ப விலை, ஏலத் தேதி எல்லாம் இருந்தன. நாளைக்கே நான் பீடோருக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம். எழுதுவதற்குத்தான் ஐந்தாவது கட்டம் இல்லை.