உம் கொட்ட ஓர் ஆள்

முப்பது வயது தாண்டி, சட்டம் படித்து வக்கீல் சன்னதும் வாங்கிய பிறகு, நான் ஒரு கூழாங்கல்லை விழுங்கினேன். மோகனூர்க் காவேரிக் கரையில் நானே பொறுக்கியது. புளியங்கொட்டை அளவு, வழவழவென்று இருந்தது. கிரேக்க தேசத்தில் ஒரு திக்குவாயர் வாயில் கூழாங்கல்லை அடக்கிக்கொண்டு பேசிப் பழகிப் பெரிய பேச்சாளர் ஆனார் என்று எங்கோ படித்திருந்தேன். கல்லை எப்படி விழுங்காமல் இருந்தார் என்பதை எழுதியவர் சொல்லவில்லை. நான் இரண்டாவது வாக்கியத்திலேயே விழுங்கிவிட்டேன்.

என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, கல்லு எதுக்குங்க? கல்கண்டை வெச்சுக்கிட்டுப் பேசியிருந்தா முழுங்குனாலும் பாதகமில்லீங்களே" என்றாள்.

நாமக்கல் முனிசீப் கோர்ட்டில் நான் வக்கீல். எனக்குப் பேச்சு வராது என்பதில்லை, வந்தால் நிற்காது. எழுந்து வாயைத் திறந்தேனானால் வாதம், நீதி, கோர்ட்டாரிடம் கேட்கும் பிரார்த்தனை எல்லாம் ஒரே மூச்சில் ஓடிவிடும். முனிசீப் எழுதிப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிடுவார். எதிர்த்தரப்பு வக்கீல் என்னைவிட மூத்தவர். "ரயிலுக்கு நேரமாச்சா தம்பி? நம்ம ஊருக்குத்தான் ரயிலே கிடையாதே" என்பார். கோர்ட்டே சிரிக்கும். என் கட்சிக்காரர்கள் மட்டும் சிரிக்கமாட்டார்கள். அடுத்த வழக்கை அவரிடம் கொண்டுபோவார்கள்.

கல் விழுங்கிய அன்று மாலை என் மனைவி சொன்னாள்: "நாளைக்குப் பேசப்போற கேசைக் கதையாட்டம் எனக்குச் சொல்லுங்க. நான் உம் கொட்டறனுங்க." கதை சொல்கிறவனுக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் கூலி. எதிரே ஒருவர் உம் கொட்டவேண்டும். உம் நின்றால் கதையும் நின்றுவிடும்.

கோர்ட்டில் வாதம் இங்கிலீஷில், வீட்டில் ஒத்திகை தமிழில் என்று ஆயிற்று. அவள் முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அவளிடமிருந்து உம் வருமுன் நான் அடுத்த வாக்கியத்துக்குப் போகக்கூடாது. புரிந்தால் குட்டையாக ஓர் உம். அலுத்தால் நீளமாக ஒன்று. நான் சரடு விட்டால் ஒன்றுமே வராது; முறம் மட்டும் சத்தம் போடும். நிஜமாகவே கேட்கிறாளா, சும்மா கொட்டுகிறாளா என்று எனக்கு ஒரு சந்தேகம். ஒருநாள் வரப்புத் தகராறுக்கு நடுவே, "அப்போது ஒரு யானை மேட்டூர் அணையை நீந்திக் கடந்தது" என்று சொருகினேன்.

"உம்" என்றாள்.

"யானை எங்கேடி வந்தது?"

"யானை நீந்துமுங்க" என்றாள், திரும்பாமலே. "உங்க கட்சிக்காரர் சொல்றதைக் காட்டிலும் இது தேவலைங்க."

கோர்ட்டிலும் ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் அந்த உம்மை மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன். முனிசீப்பின் பேனா என்னுடன் சேர்ந்து நடக்கத் தொடங்கியது. ரயில் பரிகாசம் ஓய்ந்தது.

சில வருஷங்கள்தான். ஒரு மழைக்காலத்தில் முறைக்காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. எங்களுக்குக் குழந்தைகள் இல்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நான் சரளமாகவே பேசினேன். அவர்கள் போன பிறகு பேச ஒன்றுமிருக்காது. பல மாதங்கள் கோர்ட்டுப் பக்கம் போகவில்லை. அப்போது திருச்செங்கோட்டுப் பக்கத்துக் குடியானவர் ஒருவர் வந்து வாசலில் உட்கார்ந்துவிட்டார். பொதுக் கிணற்றில் அவருடைய தண்ணீர் முறையைப் பங்காளிகள் பறித்துவிட்டார்கள். தண்ணீர் போனால் நிலமும் போய்விடும். "மத்த வக்கீலெல்லாம் அவிங்க பக்கம் போயிட்டாங்க சாமி" என்றார். ஏற்றுக்கொண்டேன்.

அன்று மாலை, காலி வீட்டில் ஒத்திகையைத் தொடங்கினேன். முதல் வாக்கியம் முடிந்ததும் சுவரில் ஒரு பல்லி சொல்லிற்று. அதைப் பிடித்துக்கொண்டு இரண்டாவதற்குப் போனேன். அதற்குப் பிறகு பல்லியும் வாயைத் திறக்கவில்லை.

கோர்ட்டில் முதல் வாக்கியத்தைச் சொல்லி நிறுத்தினேன். உள்ளே வழக்கமாகக் கேட்கும் சத்தம் வரவில்லை. காத்து நின்றேன். தலைக்கு மேல் துணிப் பங்கா விசிறி ஆடிக்கொண்டிருந்தது. முனிசீப் நிமிர்ந்து பார்த்தார். எதிர் வக்கீல் என்னவோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டார். இனி வராது என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வாக்கியத்தை எடுத்தேன். அதன் முடிவிலும் அப்படியே நின்றேன். சுடுகாட்டிலிருந்து திரும்பிய அன்று எனக்கு உறைக்காதது, அவ்வளவு பேர் பார்க்க, வாக்கியத்துக்கு வாக்கியம் உறைத்தது.

மறு வாரம் தீர்ப்பு எங்களுக்குச் சாதகமாக வந்தது. எதிர் வக்கீல் தாழ்வாரத்தில் என் தோளைத் தொட்டார். "அன்னிக்கு நிறுத்தி நிறுத்திப் பேசினாயே, எங்கே கற்றாய் தம்பி? முனிசீப் மூச்சு விடவில்லை." இன்று ஒலிபெருக்கி வைத்த கூட்டங்களுக்கெல்லாம் என்னை அழைக்கிறார்கள். எப்படி நிறுத்துவது என்று இளம் வக்கீல்கள் கேட்கிறார்கள். கூட்டம் முடிந்து, மாலையைக் கையில் பிடித்துக்கொண்டு, வீட்டுப் பூட்டை நானே திறக்கிறேன்.

இங்கிலீஷ் தெரியாத என் கட்சிக்காரருக்கு மட்டும், தீர்ப்பு வந்த அன்று, வேறு அபிப்பிராயம் இருந்தது. கோர்ட்டு வாசலில் புளியமரத்தடியில் முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார். "கேஸ்தான் ஜெயித்துவிட்டதே, இன்னும் என்ன?" என்றேன்.

"தண்ணி கெடச்சுதுங்க சாமி" என்றார். "ஆனா அன்னிக்கு நீங்க பேச்சு மறந்து மறந்து நின்னீங்க பாருங்க, அப்பப்ப கருப்பனாருக்கு ஒரு கெடா வேண்டிக்கிட்டனுங்க. இப்பப் பட்டியில ஒரு ஆடு மிச்சமில்லீங்க."