தலைவர் வீட்டு வேலி

புத்தூரில் தன்னைப்போல மனிதரை அளந்தவன் ஒருவனும் இல்லை என்பது சீவரத்தினத்தாரின் முடிவு. அதைக் கேட்டுக் கேட்டே அவருடைய மனைவி குணலட்சுமிக்குக் காது புளித்துவிட்டது. கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில் வண்டு விழுந்த மாவைக்கூட, இது எல்லாருக்கும் இல்லை என்று காதுக்குள் சொல்லி விற்றுத் தீர்த்த மனிதர். இளைப்பாறியபின் சனசமூக நிலையத்துக்குத் தலைவரானார். மாவின் இடத்துக்கு ஊர்ச்சனம் வந்தது. வித்தை மட்டும் மாறவில்லை.

போன மாரியில், அவர்கள் குடியிருந்த ஒடுங்கிய ஒழுங்கையின் கடைசி வீட்டு றமேஸுக்கு நெஞ்சுவலி வந்தது. அம்புலன்ஸ் உள்ளே வர இடமில்லை. ஆளைக் கதிரையில் இருத்திப் பெரிய ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். பாதி வழியில் சீவன் போய்விட்டது. செத்தவீட்டில் எல்லாரும் ஒழுங்கையின் ஒடுக்கத்தைச் சொல்லி மூக்கைச் சிந்தினார்கள். எட்டுச் செலவுச் சடங்கு முடிந்ததும் அவரவர் வேலியை இன்னும் இறுக்கிக் கட்டினார்கள்.

பிறகு, ஒழுங்கையை அகட்டித் தந்தால் தார் போடலாம் என்று பிரதேச சபையிலிருந்து தகவல் வந்தது. தலைவர் உடனே தூண்டிலைப் போட்டார். காணி விடுகிறவர்களின் பெயர் பலகையில் எழுதப்படும். கூடுதலாக விட்டவரின் பெயர் மேலே. அதே ஒழுங்கையில் இருந்த அருளம்பலத்தாரிடம் போய், முன்வீட்டு ஏரம்பு ஓரடி விடுகிறாராம், உமக்குக் கஷ்டமென்றால் வேண்டாம் என்றார். ஏரம்புவிடம் அதையே பெயரை மாற்றிச் சொன்னார். ஒரு கிழமைக்குள் வேலிகள் எல்லாம் பின்னால் போய்விட்டன.

மிஞ்சியது ஒழுங்கை திரும்பும் முடக்கில் நின்ற தலைவரின் வேலி. போரில் இடம்பெயர்ந்து திரும்பிய காலத்தில் அதை ஒழுங்கைக்குள் ஒரு முழம் தள்ளிப் போட்டவரே அவர்தான். இப்போது, தன் பக்கம் அகலம் போதும் என்று சாதித்தார். தலைவரே விடாவிட்டால் நாங்கள் மட்டும் விசரரோ என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஏரம்பு பழைய இடத்தில் மறுபடி வேலிக் கதியால் நடக் குழியும் தோண்டிவிட்டார். குணலட்சுமியால் பொறுக்க முடியவில்லை. றமேஸைத் தூக்கிப் போனவர்களுக்குப் பின்னால் ஓடியவள் அவள். கெஞ்சினாள், சண்டை பிடித்தாள். உனக்குச் சனத்தைப் பற்றி என்ன தெரியும் என்று வாயை அடைத்தார் மனிதர்.

அடுத்த நாள் மத்தியானம் சோறு போடும்போது அவள் வேறு குரலில் கதைத்தாள்.

"அருளம்பலத்தார் நல்ல மனிசனப்பா. 'சீவரத்தினத்தாரைக் கரைச்சல் படுத்தாதையுங்கோ, அந்த முடக்குக்கும் சேர்த்து நானே என்ரை காணியிலை விடுறன்' எண்டாராம். பலகையிலை தன்ரை பேர் முதலிலை வந்தாக் காணுமாம்."

அருளம்பலத்தார் அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லக்கூடிய ஆளும் இல்லை.

சீவரத்தினத்தார் குழைத்த சோற்றைச் சாப்பாட்டுக் கோப்பையிலேயே விட்டுவிட்டு எழும்பினார். சற்று நேரத்தில் குழி தோண்டும் அலவாங்கோடு முடக்கில் நின்றார். தள்ளிப் போட்ட முழத்தை விட்டதும் போதாமல், சொந்தக் காணிக்குள்ளும் இரண்டடி போய் வேலியைப் போட்டார். சத்தம் கேட்டு வந்த அருளம்பலத்தாரிடம், உம்முடைய காணி எனக்குத் தேவையில்லை என்று பாய்ந்தார். அவர் ஒன்றும் விளங்காமல் திரும்பிப் போனார். குணலட்சுமிக்குச் சிரிப்பு வரவில்லை. இந்த அற்ப மனிதனுக்கா இத்தனை வருசம் பயந்தேன் என்று வெட்கமாக இருந்தது.

தார் போட்டு முடிந்து, ஒழுங்கை முகப்பில் பலகை ஏறியது. முதற்பெயர் தலைவருடையது. திறப்பு விழாவில் அவர் மைக்கைப் பிடித்து, "சனத்தை அறிஞ்சவன்தான் தலைவன். ஆரை எங்கை தொட்டா அசைவான் எண்டு எனக்குத் தெரியும்" என்றார். பலகையில் பெயர் உள்ளவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

குணலட்சுமிக்குப் பக்கத்தில் றமேஸின் மனைவி உதயகலா இருந்தாள். அவள் கை தட்டவில்லை. பலகையை மேலிருந்து கீழ்வரை ஒருதரம் வாசித்தாள்.

"உந்தப் பலகையைப் போன மாரிக்கு முன்னம் வைச்சிருந்தா அவர் இருந்திருப்பாரே, மாமி" என்றாள்.